வாசல்பாரு

சூசைத்துறையில் இல்லாத பாரு ஒன்று இருந்தது. அதன் பெயர் வாசல்பாரு. பாரு என்றால் கடலுக்கடியில் கிடக்கிற பாறைத்திட்டு, மீன் குடியிருக்கிற வீடு. மேலேயிருந்து பார்த்தால் எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீர்தான், எந்தத் தண்ணீருக்குக் கீழே பாரு கிடக்கிறது என்று கண்டுபிடிக்க அந்த ஊர்க்காரர்கள் வைத்திருந்த வழிக்குக் கணியம் என்று பேர். கரையில் தெரிகிற இரண்டு அடையாளங்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால் ஒரு கோடு, வேறு இரண்டை நிறுத்தினால் இன்னொரு கோடு, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரத்தைப் போட்டால் அது 'டங்'கென்று கல்லில் போய் உட்காரும். மலை, கோயில் கோபுரம், சிலுவை நட்ட சின்னக் குருசடி, பனை, தண்ணீர்த்தொட்டி, புதிதாக வந்த செல்போன் டவர் வரைக்கும் கணியத்துக்கு உதவாத பொருள் அந்தக் கரையில் கிடையாது.

கணியம் வீட்டுக்கு வீடு வேறு. அதைக் கூடப்பிறந்தவனிடம் சொல்லமாட்டார்கள், கட்டின பெண்டாட்டியிடம் சொல்லமாட்டார்கள், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லமாட்டார்கள். யாராவது, "என்னவே, இம்புட்டு கலவா மீனு! எங்க கெடச்சுது?" என்று கேட்டால் பதில் நாக்கு நுனியிலேயே இருக்கும்: "வேற எங்க, வாசல்பாருலதான்." வாசல்பாருக்கு ஒரு கணியமும் உண்டு. கொம்பன்மலையின் கொம்பு குருசடிக்கு மேலே, ஒற்றைப்பனை கொடிமரத்துக்கு மேலே. அதைப் பிடித்துக்கொண்டு ஒருவன் போனால் அவன் போய் நிற்கிற இடம் வள்ளங்கள் இறங்குகிற துறையின் வாய்தான். இரண்டு ஆள் ஆழம், சுத்த மணல், நண்டுகூடக் கிடையாது. கேட்டவனும் சிரிப்பான், சொன்னவனும் சிரிப்பான், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஆனால் இந்தப் பொய்க்கு ஒரு எல்லை வைத்திருந்தார்கள். கரையில் நின்றால் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், மரத்தில் கால் வைத்துவிட்டால் ஒரு பொய்யும் சொல்லக்கூடாது. மரம் என்றால் அவர்களுக்குக் கட்டுமரமும் மரம்தான், இன்ஜின் மாட்டின ஃபைபர் வள்ளமும் மரம்தான். தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது, காற்று எப்போது திரும்பும் என்று அங்கே ஒருத்தன் பொய் சொன்னால் நாலு பேர் செத்துப்போவார்கள் அல்லவா, அதனால் வந்த வழக்கம் அது.

இந்த ஊருக்குத்தான் டீச்சர் வந்தாள். அவள் டீச்சர் இல்லை, ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள், பெயர் கார்குழலி. ஆனால் பேனாவும் நோட்டும் வைத்திருக்கிற பெண் எவளும் சூசைத்துறையில் டீச்சர்தான். மீனவர்களின் பாரம்பரிய அறிவை எழுதி வைக்க வந்திருக்கிறேன் என்றாள். யார் நம்புவார்கள்? முதலில் அவளை இன்சூரன்ஸ்காரி என்றார்கள், பிறகு துறைமுகம் கட்டப்போகிற கம்பெனியின் ஆள் என்றார்கள், மணல் அள்ள வருகிறவர்களுக்கு வேவு பார்க்கிறாள் என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பேசிக்கொண்டார்கள். அவளோ குறுணைக்கஞ்சியும் நவரைக் கருவாடும் தின்றுகொண்டு இரண்டு மாதம் அங்கேயே கிடந்து, முப்பத்திரண்டு மரக்காரர்களையும் தனித்தனியே உட்காரவைத்து, ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் காதில் விழாதபடி, "உங்க பாரு எங்க இருக்கு? கணியம் என்ன?" என்று கேட்டாள். பல பேர் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னால் அது உண்மை என்பது அவள் படித்த முறை.

முப்பத்தொரு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். கொம்பு குருசடிமேல், பனை கொடிமரத்துமேல்.

மீதி ஒரு ஆள் ஈனாசி, கரையில் கேட்டபோது நழுவிவிட்டவன். ஐம்பத்தைந்து வயது, வாய் குறைவு, காது மட்டும் பெரிது. டீச்சர் ஒருநாள் கடலுக்கு வரவேண்டும் என்று அடம்பிடித்தபோது, பெண்ணை மரத்தில் ஏற்றலாமா என்று ஊர்க்கமிட்டி கூடிப் பேசியது. தலைவர் பனியடிமை, டீச்சர் பொம்பளைக் கணக்கில் வரமாட்டாள் என்று தீர்ப்புச் சொன்னார், சொல்லிவிட்டுத் தன் மரத்தில் இடமில்லை என்றார். எல்லார் மரத்திலும் அன்றைக்கு இடமில்லாமல் போயிற்று. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும்: மரத்தில் வைத்துக் கேட்டால் பொய் சொல்ல முடியாதே. கடைசியில் ஈனாசி தலையில் வந்து விழுந்தது. போகிற வழியெல்லாம் அவள் வாந்தியெடுத்தாள். அவன் பாட்டுக்குத் தன் பாருக்குப் போய்த் தூண்டில் இறக்கினான். அவள் கடல் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். அது என்ன கேள்வி என்பது பிறகு வரும். ஈனாசி பதில் சொன்னான், கணியத்தையும் சேர்த்துச் சொன்னான், சொல்லி முடித்ததும் தூண்டிலைச் சுருட்டி இன்ஜினைக் கிளப்பினான்.

ஒரு வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது. கோயில் மண்டபத்தில் வைத்து வெளியிட்டார்கள், மிக்சர் கொடுத்தார்கள், உள்ளே விரிக்கிற மாதிரி ஒரு வரைபடம், அதில் துறையின் வாயில் பெரிய சிவப்புப் பொட்டு: 'வாசல்பாரு. இக்கடற்கரையின் ஆகப் பெரிய மீன்வளத் திட்டு.' முப்பத்தொரு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் விடியலில் முதல் வள்ளம் துறையை விட்டு இறங்கும்போது இன்ஜினின் காற்றாடி கல்லில் அடித்து உடைந்தது. இரண்டாவது வள்ளத்துக்கும் உடைந்தது. மூன்றாவது ஆள் இறங்கி முங்கிப் பார்த்துவிட்டு வந்து, கீழே பாரு கிடக்கிறது, பாசி பிடித்த பழைய பாரு, கலவாயும் விளமீனும் கூட்டங்கூட்டமாக நிற்கிறது என்றான். சொன்னவன் குரலில் ஆச்சரியம் கிடையாது, சந்தேகம்தான் இருந்தது. கேட்டவர்கள் முகத்திலும் அதுதான்.

எப்படி வந்தது என்று சூசைத்துறையில் ஒருத்தரும் கேட்கவில்லை. யாருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் கேட்டார்கள். தான் சொன்னது பொய் என்பது ஒவ்வொருவனுக்கும் நன்றாகத் தெரியும். மற்ற முப்பது பேரும் சொன்னது பொய்தானா என்பதுதான் சந்தேகம். 'அப்பன் பாட்டன் காலத்திலிருந்தே இங்கே பாரு இருந்திருக்கிறது, எவனோ ஒருத்தனுக்குத் தெரிந்திருக்கிறது, அவன் நம்மோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே நாம் தூங்கும்போது வாசலிலேயே மீன் பிடித்துத் தின்றிருக்கிறான்' என்று முப்பத்தொரு பேரும் நினைத்தார்கள். வாசலில் கிடந்ததை அவனவன் முடிந்தமட்டும் பிடித்தான். ஒரு கண் தூண்டிலில் இருந்தது, மற்றொரு கண் பக்கத்து மரத்துக்காரன் முகத்தில் இருந்தது.

பதினைந்து நாள் கொண்டாட்டம். பிறகு புத்தகத்தைப் படித்த வெளியூர் விசைப்படகுகள் வரைபடத்தை நகலெடுத்துக்கொண்டு வந்து, மடிவலையை இழுத்து, குஞ்சு குறுமான்கூட விடாமல் வாரிக்கொண்டு போய்விட்டன. கல் மட்டும் மிஞ்சியது. சரி, நம்ம பழைய பாருக்கே போவோம் என்று அவனவன் தன் கணியத்தைப் பிடித்துப் போய் நங்கூரம் போட்டால், அது சத்தமில்லாமல் மணலில் போய்ச் செருகியது. ஜிபிஎஸ் பெட்டி வைத்திருந்த மூன்று பேருக்கும் பெட்டியில் எண் சரியாகவே இருந்தது, பாருதான் இல்லை. முப்பத்தொரு பாருகள் முப்பத்தொரு இடத்திலிருந்து கிளம்பிப் போய்விட்டன, அதை ஒருத்தன்கூட வெளியே சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? எனக்கு வேறிடத்தில் பாரு இருந்தது என்று சொன்னால், எங்கே என்று கேட்பார்களே. வெறும் வள்ளத்தோடு வந்து, "இன்னைக்குத் தண்ணி சரியில்ல" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். முப்பத்தொரு பேருக்கும் ஒரே நாளில் தண்ணி சரியில்லாமல் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஈனாசியின் பாரு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவனுக்கு முதலில் சந்தோஷம், பிறகு பயம், அதற்குப் பிறகு முழுதும் பயம். நங்கூரம் கல்லில் உட்கார்கிற சத்தத்தைக் கேட்டாலே சுற்றுமுற்றும் பார்ப்பான். ஊர் பட்டினி கிடக்கும்போது வள்ளம் நிறைய மீனோடு எப்படிக் கரை ஏறுவது? பிடித்ததில் பாதியைத் திரும்பக் கடலில் விட்டான். மீதியைத் தெற்கே மூன்று ஊர் தள்ளி இறக்கினான். வீட்டுக்கு ஒரு கூறு கொண்டுவந்தான். அவன் பெண்டாட்டி பிலோமி, தலைச்சுமையாக மீன் விற்கிறவள், கூறைப் பார்ப்பாள், அவன் முகத்தைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்காமல் அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அவள் கேட்காதது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அப்போதுதான் பனியடிமை அடிக்குறிப்பைக் கண்டுபிடித்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தொண்ணூற்று நாலாம் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்ததைக் கமிட்டிக்கு முன்னால் வாசித்தார்: "தகவலாளி பதினேழு மட்டும் வேறொரு இடத்தைக் குறிப்பிட்டார். மற்ற முப்பத்தொருவரின் கூற்றுக்கு மாறாக இருப்பதால் இது நினைவுப் பிழையாக இருக்கலாம்."

டீச்சருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். "அந்தப் பதினேழு யாரு டீச்சர்?" என்று பனியடிமை கேட்டார்.

"பேர் சொல்லமாட்டேன்னு எல்லார்கிட்டயும் வாக்கு கொடுத்திருக்கேன் சார். அது எங்க ஆராய்ச்சி தர்மம்," என்றாள் கார்குழலி. "ஏன், எதாவது தப்பா போட்டிருக்கேனா?"

தப்பு என்று எப்படிச் சொல்வது? சிவப்புப் பொட்டு வைத்த இடத்தில் கல் கிடக்கிறதே. பனியடிமை போனை வைத்துவிட்டார். ஊர் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: முப்பத்தொரு பேர் ஊர் வழக்கப்படி மரியாதையாகப் பொய் சொல்லியிருக்கிறார்கள், ஒருத்தன் மட்டும் வெளியாளிடம் உண்மையை உளறியிருக்கிறான். இத்தனைக்கும் காரணம் அவன்தான். அவன் யாரென்று தெரிந்தால் அவன் வள்ளத்தைத் தள்ள எவனும் கை கொடுக்கக்கூடாது, அவன் வீட்டு மீனை எவளும் வாங்கக்கூடாது, செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று கமிட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டது. ஈனாசியும் கையெழுத்துப் போட்டான்.

அன்றிலிருந்து பதினேழு என்ற எண்ணே சூசைத்துறைக்கு ஆகாமல் போயிற்று. பதினேழாம் நம்பர் பஸ் வந்தால் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள். பதினேழாம் நம்பர் வீட்டுக்காரன் கதவில் இருந்த எண்ணைச் சுரண்டிவிட்டு '16-அ' என்று எழுதிக்கொண்டான். மீன் எண்ணுகிற பெண்கள் பதினாறுக்கு அப்புறம் "மாதாவே" என்று சொல்லிவிட்டுப் பதினெட்டுக்குப் போனார்கள். பதினேழாம் தேதி பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது சாமியார் தேதியைச் சொல்லாமல் முழுங்கினார். வலை பின்னிக்கொண்டிருக்கிற இரண்டு பேர் திடீரென்று நிமிர்ந்து, "நீதானா?" என்று கண்ணாலேயே கேட்டுக்கொள்வார்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றது. நல்ல சாப்பாட்டு வாசனை வந்த வீட்டு வாசலில் சும்மா நடக்கிற மாதிரி நாலு பேர் நடந்தார்கள். பிலோமி அதனால் மீனைத் தாளிக்காமல், மூடி போட்டு, அவித்தே கொடுத்தாள். காரணத்தை அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஈனாசி யோசிக்கிற ஆள். ஆடி பிறப்பதற்குள் அவனுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. புத்தகத்தில் ஏறியதும் சொன்ன இடத்துக்குப் பாரு போயிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். முப்பத்தொரு பேரும் வாசல் என்றார்கள், முப்பத்தொரு பாரும் வாசலுக்கு வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டது; நான் இருக்கிற இடத்தைச் சொன்னேன், அது இருக்கிற இடத்தில் இருக்கிறது. அப்படியானால் அவனவன் மரத்தில் ஏறி நின்று உண்மையைச் சொன்னால் அததது திரும்பிப் போகும். இதை ஊரிடம் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அவன் வாயைத் தைத்துக்கொண்டு கிடந்தான். சே, இப்படியும் ஒரு பிழைப்பா என்று கடலில் தனியாக இருக்கும்போது தன்னையே திட்டிக்கொண்டான்.

ஆடி பிறந்தது. மேற்கேயிருந்து கச்சான் காற்று எழும்பி, அலை வாசல்பாரு மேல் ஏறி வெள்ளையாக உடைந்தது. இறங்கவும் வழியில்லை, ஏறவும் வழியில்லை. ஒரு காலையில் கடல் கொஞ்சம் படுத்த மாதிரி இருந்ததைப் பார்த்து, ஈனாசியின் தங்கச்சி ரெஜீனாவின் புருஷன் தொம்மை, வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லை என்று, லியோன் என்கிற பங்காளியைக் கூட்டிக்கொண்டு போனான். மத்தியானம் கச்சான் திரும்பவும் வலுத்தது. மூன்று மணிக்கு அவன் வள்ளம் தெரிந்தது. இன்ஜின் நின்றுபோய், துடுப்பைப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். காற்று அவர்களை நேரே வாசல்பாருக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தது.

ஊர் முழுதும் கரையில் நின்றது. சாமியார் செபமாலை சொன்னார். ரெஜீனா ஈனாசியின் கையைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணே, எதாவது செய்யிண்ணே! கண்ணு முன்னால போறாரே!"

ஈனாசி அந்தக் கையை விலக்கிவிட்டு, மணலில் ஏற்றி வைத்திருந்த தன் வள்ளத்தில் ஏறினான். இரண்டு காலையும் பலகையில் ஊன்றிக்கொண்டு கத்தினான்.

"பதினேழு நாந்தான்!"

செபமாலை நின்றது.

"எனக்க பாரு, கொம்பன்மலைக் கொம்பு கோயில் சிலுவைமேல, ஒத்தப்பனை தண்ணித்தொட்டிக்குப் பின்னால. அங்க இன்னைக்கும் மீன் கெடக்கு. ஏன்னா நான் மரத்துல வச்சு நெசத்தச் சொன்னேன். நீங்க முப்பத்தொண்ணு பேரும் கரையில இருந்து பொய்யச் சொல்லி உங்க பாரையெல்லாம் அங்க கொண்டுபோய் அடுக்கியிருக்கிய. மரத்துல ஏறுங்க! ஏறி, அவனவன் எடத்தச் சொல்லுங்க! அது அது போயிரும்!"

யாரும் அசையவில்லை. பனியடிமை மெதுவாகச் சொன்னார்: "பாத்தியளா, நம்ம வாயக் கிண்டுகான். இவனும் டீச்சரும் சேர்ந்து போட்ட திட்டம் இது. எல்லார் கணியத்தையும் ஒரே நாள்ல தட்டிட்டுப் போகப் பாக்கான்."

நல்ல சந்தேகம்தான், வேறொரு நாளாயிருந்தால் எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் ஓர் அலை தொம்மையின் வள்ளத்தைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கீழே போட்டது. லியோனின் அப்பன் சூசைமரியான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வள்ளத்தில் ஏறி, வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்தார்.

"உரக்கச் சொல்லும் வே! கடலுக்குக் கேக்கண்டாமா!" என்று ஈனாசி கத்தினான்.

"கொம்பு டவர்மேல! குருசடி சாமியாரு பங்களாமேல!" என்று அவர் அழுதுகொண்டே கூவினார். பாரின் வடக்கு ஓரத்தில் உடைந்துகொண்டிருந்த அலை உடையாமல் உருண்டு வந்தது. ஒரு மூலை கல் போய்விட்டது. எங்கே போனது என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். அடுத்தவன் கணியம் தன் காதில் விழக்கூடாது என்ற மரியாதைக்கு எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். விரல்கள் மட்டும் கொஞ்சம் தளர்வாகவே இருந்தன. பனை தொட்டிமேல், தொட்டி கோபுரத்துமேல், கொம்புக்கு இடப்பக்கத்துப் பள்ளம் கொடிமரத்துமேல் என்று மூன்று தலைமுறை நாலு தலைமுறையாக ஒருத்தர் வாயிலிருந்தும் வராதது எல்லாம் அந்த அரைமணி நேரத்தில் காற்றில் போயிற்று. சொன்னவர்கள் சட்டையைக் கழற்றிக் கொடுத்தவர்கள் மாதிரி கூசிக்கொண்டு இறங்கினார்கள். சொல்லச் சொல்ல அலை அடங்கியது. பனியடிமை முப்பதாவதாக ஏறி, இருமி, செருமி, சொல்லிவிட்டு இறங்கினார்.

இன்னும் ஒரு பாரு கிடந்தது, வாய்க்கு நட்ட நடுவில். அது தொம்மையின் பாரு. அதைச் சொல்ல வேண்டியவன் அந்தப் பக்கம் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

ரெஜீனா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வள்ளத்தில் ஏறினாள். "ஏ, பொம்பள மரத்துல..." என்று ஒரு குரல் வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "குருசடி கோயில்மேல! ஒத்தப்பனை கொம்புக்குக் கீழ, ஒரு சாண் தள்ளி!" என்றாள். கடைசிக் கல்லும் போனது, வள்ளம் துறைக்குள் வந்தது, பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்து இழுத்தார்கள்.

கரையில் நின்ற ஆண்கள் எல்லாரும் தங்கள் தங்கள் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் முடிந்து ஈனாசி வள்ளத்திலிருந்து இறங்கினான். ஒரு கால் மணலில் பட்டிருந்தது, ஒரு கால் இன்னும் விளிம்பில் இருந்தது, அப்போதுதான் பனியடிமை வந்து முன்னால் நின்றார். "சரி வே, அதெல்லாம் இருக்கட்டும். அவகிட்ட ஏன் சொன்ன?"

ஈனாசி தொண்டையைக் கனைத்தான். "பொய் சொல்ல மறந்துபோச்சு," என்றான்.

பனியடிமை சிரித்தார், ஊரும் சிரித்தது. மறதிக்கு யார் என்ன செய்ய முடியும்? கமிட்டித் தீர்மானத்தைக் கிழித்துப் போட்டார்கள். எல்லார் கணியமும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே, இனி அடுத்தவன் பாரில் போய் விழுவார்களோ என்று சாமியார் கவலைப்பட்டார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மற்றவன் எவனும் அன்றைக்கு முழு உண்மையைச் சொல்லியிருக்கமாட்டான் என்று ஒவ்வொருவனும் உறுதியாக நம்பியதால், அவனவன் தன் பாருக்கே போனான். மீனும் திரும்பி வந்தது.

ஆனால் துறையின் வாயில் ஒரு கல் மிஞ்சியிருந்தது. ஒல்லியாக மேலெழும்பின கல், உச்சி மட்டும் சோற்றுப்பானை அளவு. கடல் வற்றும்போது அதன் தலை தெரியும். யாரோ ஒருத்தன் இன்னும் பொய் சொல்லியிருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பனியடிமையின் கணியமாக இருக்கும் என்று பாதிப்பேர் நினைத்தார்கள். பனியடிமை மீதிப்பேரை நினைத்தார். ரெஜீனா சொன்ன 'ஒரு சாண்' சரிதானா என்று தொம்மையிடமே போய்க் கேட்டுவிட்டு அடி வாங்காத குறையாக ஒருத்தன் திரும்பி வந்தான். மறுபடியும் வலை பின்னுகிற இடத்தில் கண்ணால் பேச ஆரம்பித்தார்கள்.

ஈனாசி அந்தக் கல் பக்கமே பார்ப்பதில்லை. ஆனால் இறங்கும்போதும் ஏறும்போதும் அது அவன் வள்ளத்தின் அடியை மட்டும் ஒரு கீறு கீறிவிடும்.

ஒரு சாயங்காலம் பிலோமி மீன் அரிந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். "அவகிட்ட ஏன் சொன்னிய?"

"அதான் சொன்னனே. மறந்துபோச்சு."

அவள் செதிலைச் சுரண்டினாள். சுரண்டி முடித்து, கழுவி, சட்டியில் போட்ட பிறகு சொன்னாள்: "முப்பது வருசம். எங்கிட்ட சொல்லாம இருக்க ஒருநாள்கூட மறக்கலியே."

அவள் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. கோபமே இல்லாமல் கரண்டியைக் கழுவி வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஈனாசி, "வா," என்றான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. வள்ளத்தில் ஏறி, டீச்சர் உட்கார்ந்த அதே பலகையில் உட்கார்ந்தாள், வாந்தியும் எடுக்கவில்லை. கொம்பு சிலுவைமேல் வந்தது, பனை தொட்டிக்குப் பின்னால் மறைந்தது, நங்கூரம் 'டங்'கென்று உட்கார்ந்தது.

"இதான் எடம்," என்றான்.

"எடம் எனக்குத் தெரியும். நங்கூரக் கயித்துல ஒட்டிட்டு வாற செவப்பு மண்ண இத்தன வருசமும் யாரு கழுவுனாண்ணு நெனச்சிய? இந்தச் செவப்பு இந்தப் பக்கத்துலதான் உண்டு." பிலோமி அவனைப் பார்த்தாள். "நான் எடத்தக் கேக்கல. ஏன் சொன்னியண்ணு கேட்டேன்."

மரத்தில் இருக்கிறோம் என்பது ஈனாசிக்கு நினைவிருந்தது. "மறக்கல," என்றான். "பொய்யி நாக்கு நுனியில வந்துட்டுது. ஆனா அவ எடத்தக் கேக்கல. 'உங்க அப்பா இத எப்படிக் கண்டுபிடிச்சாரு'ண்ணு கேட்டா. என்னைய ஒருத்தரும் அதக் கேட்டதில்ல. எவ்வளவு மீனுண்ணு கேப்பாவ, எங்கண்ணு கேப்பாவ. எப்படிண்ணு ஒருத்தரும் கேட்டதில்ல பிலோமி. நீயும் கேட்டதில்ல."

அவள் பலகையில் அவனுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள். "செரி," என்றாள். "இப்பம் கேக்கேன். சொல்லுங்க."

ஈனாசி சொன்னான். அவன் அம்மா செத்த பதினாறாம் நாள் கரையில் இருக்க முடியாமல் அப்பன் மரத்தைத் தள்ளிக்கொண்டு வந்ததையும், துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, கொண்டுபோகிற இடத்துக்குக் கொண்டுபோ என்று படுத்துவிட்டதையும், நீரோட்டம் இழுத்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் போகாமல் நின்று சுழித்ததையும், வெறும் மணலின் மேல் தண்ணீர் இப்படிச் சுழிக்காதே என்று அந்த அழுகைக்கு நடுவிலும் அப்பனுக்குத் தோன்றியதையும், ஈயக்குண்டின் அடியில் மெழுகைத் தடவி இறக்கி அதில் ஒட்டிக்கொண்டு வந்த சிவப்பு மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்ததையும், பதினொரு நாள் அதே இடத்துக்கு வந்து வந்து, எந்த மலை எந்தச் சிலுவைமேல் நிற்கிறது என்று கண்ணில் நீர் வற்றும்வரை பார்த்துப் பார்த்துக் கணியத்தைக் கட்டினதையும் சொன்னான். சொல்லும்போது அவனும் அழுதான். பிலோமி இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், மண் என்ன ருசி இருந்ததாம் என்று. "கசப்பு," என்றான்.

திரும்பி வரும்போது துறையின் வாயில் வள்ளம் கீறாமல் வந்தது. கல் இல்லை.

கரையில் ஆட்கள் அதற்குள் கூடிவிட்டார்கள். பனியடிமை இடுப்பில் கை வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். "கல்லு போச்சு. அப்பம் நேத்து வரைக்கும் ஒருத்தன் பொய் சொல்லிட்டுதான் இருந்திருக்கான். யாரு?" என்று ஒவ்வொரு முகமாகத் திரும்பினார். கடைசியில் அவர் கண் வள்ளத்தில் வந்து நின்றது, அதிலிருந்து இறங்குகிற பெண்ணின் மேல் நின்றது. "ஏய் பிலோமி, காலங்காத்தால ரெண்டு பேருமா எங்க போயிட்டு வாறிய?"

பிலோமி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு காலை இறக்கி மணலில் வைத்தாள், மற்றக் காலையும் வள்ளத்திலிருந்து எடுத்து மணலில் வைத்தாள், இரண்டும் நன்றாக ஊன்றியிருக்கிறதா என்று ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"வேற எங்க," என்றாள், "வாசல்பாருக்குத்தான்."